நான்காம் எண் ரத்தம்

என் பேரில் எழுதப்பட்ட தொகை பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. திங்கட்கிழமை காலையில் ஸ்டோர்க்காரர் அதை அச்சடித்த தாளாகக் கொண்டுவந்து, கழுவும் தொட்டியின் ஈர விளிம்பில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு. எட்டு மாசச் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுக்குவாங்க. உனக்கும் வலிக்காது."

இரண்டு வருடத்துக்கு முன்பாக இருந்தால் கட்டை விரலை மையில் தொட்டு அழுத்திவிட்டு அடுத்த பாட்டிலைக் கையில் எடுத்திருப்பேன். ஐம்பத்தொரு வயதில் என் மகளிடம் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். அதனால் தாளை ஈரத்திலிருந்து எடுத்து, கையைத் துடைத்துவிட்டு, வாய்விட்டுப் படித்தேன். "மூன்று முறை ஆய்வு பாழ். கண்ணாடிச் சில்லுகளில் சோப்பு எச்சம் இருந்திருக்கலாம். காரணம், கழுவும் ஊழியரின் க, வ, ன, க், கு…"

"கவனக்குறைவு" என்று முடித்துவைத்தார் ஸ்டோர்க்காரர். "அட, படிக்கவே ஆரம்பிச்சுட்டியா? இனிமே உன்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்."

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. ஒரு ரப்பர் பேண்டு வெளியே போனாலும் சலித்துப் பார்த்துத்தான் விடுவார்.

நான் வேலை செய்வது ஓர் ஆராய்ச்சிக் கட்டடத்தில். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டு, அவை எப்படி ஒட்டுகின்றன, எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கின்றன, எப்போது சாகின்றன என்று மேல்மாடியில் டாக்டரம்மா பார்ப்பார். அந்தச் சில்லு, பாட்டில், குழாய் எல்லாவற்றையும் கழுவுவது நான். அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கினேன். முழங்கால் போன பிறகு என் மச்சினன்தான் இங்கே சொல்லிச் சேர்த்துவிட்டான்.

கழுவுவதற்கு ஒரு கணக்கு உண்டு. சோப்புத் தேய்த்த பிறகு குழாய்த் தண்ணீரில் ஏழு முறை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை. எண்ணிக்கை தவறக் கூடாது என்று தொட்டிக்கு மேலே ஒரு கம்பி கட்டி, துணி காயப்போடும் கிளிப் பத்தை அதில் மாட்டியிருக்கிறேன். ஒரு தடவை அலசினால் ஒரு கிளிப்பை இடமிருந்து வலப்பக்கம் தள்ளுவேன். பத்தும் வலப்பக்கம் போகாமல் என் கையிலிருந்து ஒரு சில்லும் மேலே போனதில்லை. ஆகையால் கவனக்குறைவு என்ற சொல் அந்தத் தொகையைவிட அதிகமாக உறுத்தியது.

நான் இல்லை. அப்படியென்றால் வேறு யார்?

யோசித்தால் ஓர் ஆள்தான் மிஞ்சினான். என் மச்சினன். காய்ச்சி வடித்த தண்ணீரைக் கீழ்த்தளத்திலிருந்து கேனில் பிடித்து இரண்டு மாடி ஏற்றிக்கொண்டு வருவது அவன் வேலை. லிஃப்ட் கெட்டு நாலு மாதமாயிற்று. கேன் இருபது லிட்டர். இரண்டாம் மாடி நடையில், என் அறைக்குப் பத்தடி முன்னால் ஒரு சாதாரணக் குழாய் இருக்கிறது. காலிக் கேனோடு கீழே இறங்குவது போலப் போக்குக்காட்டி, அந்தக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டு தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுதான். அவனுக்குச் சோம்பேறித்தனம் கூடப்பிறந்தது என்று என் மனைவியே, அவனுடைய அக்காவே, சொல்லுவாள். இவ்வளவு தெரிந்த பிறகு சந்தேகப்படாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

செவ்வாய்க்கிழமை, நடையில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். அவன் கேனோடு மூச்சு வாங்க ஏறி வந்தான். குழாய்க்கு நேராக வந்ததும் நின்றான். கேனைக் கீழே வைத்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான், சட்டையைத் தூக்கித் துடைத்தான், மறுபடி கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. நான் நிற்பது தெரிந்துதான் நடிக்கிறானோ என்று தோன்றியது. அவன் கேனை வைத்துவிட்டுப் போனதும் ஒரு சொட்டு எடுத்து, சில்லுகளை ஆவியில் வேகவைக்கும் பெட்டியின் சூடான மூடியில் விட்டேன். பக்கத்தில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு. இரண்டும் சுருங்கிக் காய்ந்தன. குழாய்த் தண்ணீர் வெள்ளையாக ஒரு வளையம் விட்டுப் போனது. அவன் கொண்டுவந்தது சுவடே இல்லாமல் போனது.

"என்ன மாமா, தண்ணிக்கு ஜாதகம் பாக்கிறீங்களா?"

பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அட்டைப்பெட்டிக்குப் பின்னால செருப்பு தெரிஞ்சுதே, அது உங்க செருப்புதானே? நான் ஏதோ திருடன் வந்துட்டான்னு பயந்தே போயிட்டேன். கடைசியில பாத்தா எங்க மாமா."

"மாப்ளே, மூணு தடவை கெட்டுப்போயிருக்கு. என் தலையில விழுந்திருக்கு. நான் எல்லாத்தையும் பாக்கணும்ல?"

"எல்லாத்தையும் பாருங்க. முதல்ல உங்க கையைப் பாருங்க. அந்தக் காயம் பட்டு அஞ்சு வாரம் ஆச்சு. இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. அந்தக் கையோடதானே கழுவுறீங்க? சில்லுல என்னென்ன ஒட்டுச்சோ, யாருக்குத் தெரியும்?"

இடது உள்ளங்கையில் உடைந்த பாட்டில் கீறிய காயம். சின்னக் கீறல்தான். மூட்டை தூக்கிய காலத்தில் இதைப்போல் பத்து மடங்கு பட்டு நாலு நாளில் ஆறியிருக்கிறது. "கையுறை போட்டுத்தான் கழுவுறேன்" என்றேன்.

"நானும் கேன்ல சரியான தண்ணிதான் கொண்டாறேன்னு சொல்வேன். நம்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகும்முன் செய்தி போய்விட்டது. என் மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"என் தம்பியைத் திருடன்னு நெனச்சீங்களா?"

"திருடன்னு சொல்லல. சோம்பேறின்னு நெனச்சேன். அது நீ சொன்னதுதான்."

"நான் சொல்லுவேன். நீங்க சொல்லக் கூடாது." கொஞ்ச நேரம் கழித்து, "அவன்தான் உங்களை அங்க சேத்துவிட்டான். அதையாவது நெனச்சுப் பாத்தீங்களா?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பாவுக்கு இப்பல்லாம் எல்லார் மேலயும் சந்தேகம்மா. ராத்திரி தூங்கறதும் இல்ல" என்றாள். "ஆனா பாரு, கவலையிலயும் முகம் மட்டும் பூரிச்சுக்கிட்டே போகுது."

அது உண்மை. நாலு மாதமாக என் முகம் உருண்டை கட்டிக்கொண்டு வந்தது. பசி தாங்காது. தெருவில் பார்ப்பவர்கள், உட்கார்ந்த வேலை ஒத்துக்கொண்டுவிட்டது என்று கேலி பேசினார்கள். முழங்கால் வலியும் போய்விட்டதால் நானும் அதை நல்ல காலம் என்றே எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டதும் வழக்கம்போல் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மூலைக் கடை மருந்துக்காரர் கொடுப்பது. உதிரி மாத்திரை, பெயர் கிடையாது. ஒருமுறை பெயர் கேட்டதற்கு, "பேரு தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? கால் வலி போச்சா இல்லையா?" என்றார். போய்விட்டது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

புதன்கிழமை மேல்மாடி ஏறி டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினேன். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். என்னைப் பார்த்ததும் மேஜை மேல் இருந்த சில்லுப் பெட்டியை மூடி, என் கை படாத தூரத்துக்கு நகர்த்தினார். நானும் அதைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"பணம் விஷயமா வந்தீங்கன்னா, நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க. ஸ்டோர்ல எழுதிட்டாங்க."

"பணம் இல்லைங்கம்மா. எந்தெந்தத் தேதியில கெட்டுச்சுன்னு தெரிஞ்சா போதும்."

"தேதி எதுக்கு?"

"நான் அன்னன்னைக்குக் கழுவினதை நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ஒத்துப் பாக்கணும்."

நம்பாத பார்வைதான். ஆனாலும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று தேதிகளை எழுதினார். நான் சீட்டை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றேன். "கெட்டுப்போச்சுன்னா, செத்துப்போச்சுங்களா அந்த அணுவெல்லாம்?"

"சாகல. அதான் எரிச்சலா இருக்கு" என்றார். முதல்முறையாக என்னிடம் வேலையைப் பேசுவது போலப் பேசினார். "இந்த அணு ரத்தத்துல ஓடிக்கிட்டே இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. எங்க கிருமி வந்துச்சோ, எங்க காயம் பட்டுச்சோ, அந்த இடத்துல ரத்தக்குழாய்ச் சுவரை இறுக்கிப் பிடிச்சுக்கணும். பிடிச்சாத்தான் வெளிய நுழைஞ்சு போய் வேலை பாக்கும். வேலை பாத்துட்டு ஒருநாள் ரெண்டுநாள்ல அதுவே செத்துப்போகும். வேற அணு வந்து அதைத் தின்னு இடத்தைச் சுத்தம் பண்ணிடும். இந்த மூணு தடவையும் ரெண்டுமே நடக்கல. கண்ணாடியில ஒட்டவும் இல்ல, மறுநாள் சாகவேண்டியதெல்லாம் நிறைய உயிரோட கிடக்குது."

"அது உயிரோட இருந்தா நல்லதுதானேங்க?"

"வேலைக்கு வந்தவன் வேலையும் பாக்காம, வீட்டுக்கும் போகாம நின்னா நல்லதா?"

எனக்குச் சோப்பைத் தெரியும். அந்தச் சோப்பு விரலிடுக்கில் இரண்டு நாள் நின்றால் தோல் உரிந்துவிடும். "அம்மா, சோப்பு மிச்சம் இருந்திருந்தா அத்தனையும் செத்துல்ல போயிருக்கணும்? சோப்பு எதையாவது கூட ரெண்டு நாள் வாழ வெக்குமா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் கழுவும் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். எழுத்துப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தினம் நாலு வரி எழுதச் சொல்லியிருந்தாள் மகள். என்ன எழுதுவது என்று தெரியாமல் நடந்ததையெல்லாம் எழுதி வைப்பேன். முதல் தேதியைத் தேடினேன். "சில்லு அறுபது. பாட்டில் இருபது. மழை. ரத்தம் கொடுத்தேன். பிஸ்கட் தந்தார்கள்." இரண்டாம் தேதி. "சில்லு நாற்பது. ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்தின இடம் கன்றிப்போச்சு." மூன்றாம் தேதிக்குப் புரட்டினேன். அன்றைக்கும் ரத்தம் கொடுத்தேன்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு நோய் நொடி இல்லாதவர்களின் ரத்தம் வேண்டும். கட்டடத்தில் வேலை செய்யும் நாலு பேர் முறை வைத்துக் கொடுக்கிறோம். ஆளுக்கு மாதம் ஒருமுறை, இரண்டு குழாய். கீழ்த்தளத்தில் நர்ஸம்மா எடுத்து, குழாயில் எண் மட்டும் ஒட்டி மேலே அனுப்புவார். யாருடையது என்று மேலே தெரியக் கூடாது என்பது சட்டம். நான் நாலாம் எண். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தொகையும் அரைநாள் லீவும் உண்டு.

முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். அதற்கு முன் ஐந்து தடவை ரத்தம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தேதிகளில் எந்தக் கெடுதலும் இல்லை. அப்படியானால் நடுவில் என்ன வந்தது? "மூலைக் கடையில் மாத்திரை வாங்கினேன். இன்று படி ஏறும்போது கால் வலிக்கவில்லை. நல்ல மாத்திரை" என்று ஒரு வரி. என் கையெழுத்துத்தான். ற-வுக்குக் கால் கோணலாக விழுவது எனக்கு மட்டும்தான்.

மூன்று நாளாக ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். மச்சினன், தண்ணீர், சல்லடை பழைய சோப்பை மாற்றிக் கொடுத்தாரோ என்றுகூட. பார்க்காமல் விட்டது ஓர் இடத்தைத்தான். என் உடம்புக்குள்ளே.

ஒவ்வொரு முறையும் நர்ஸம்மா ஊசி போடும்முன் கேட்பார்: "மருந்து மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" நான் இல்லை என்பேன். பெயரில்லாத மாத்திரை எப்படி மருந்தாகும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஆமாம் என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அந்தத் தொகை போகும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

வாயைத் திறந்தால் பொய்யன். வேலையே போனாலும் போகலாம். திறக்காவிட்டால் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதும் கவனக்குறைவும். நோட்டை மூடி, சில்லு கழுவ உட்கார்ந்தேன். கிளிப்பைத் தள்ளத் தள்ள எண்ணிக்கை தவறியது. வந்த நாள் முதல் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தவறியது. முழுத் தட்டையும் மறுபடி முதலிலிருந்து அலசினேன்.

வியாழக்கிழமை என்னுடைய முறை. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். நர்ஸம்மா ரப்பர் பட்டையைக் கட்டினார், நரம்பைத் தட்டினார், தாளைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்த வேகத்தில் கேட்டார். "காய்ச்சல் இருந்துச்சா, ரத்தம் யாருக்காவது குடுத்தீங்களா, மருந்து மாத்திரை ஏதாவது?" பதிலுக்கு நிற்காமலே இல்லை என்று குறிக்கப் பேனாவைக் கொண்டுபோனார்.

"ஆமா" என்றேன்.

பேனா நின்றது. "எது ஆமா?"

"மாத்திரை. நாலு மாசமா."

"போன தடவை இல்லைன்னீங்க."

"அதுக்கு முந்தின ரெண்டு தடவையும் இல்லைன்னேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையைப் பார்த்தார். பட்டையை அவிழ்த்துவிட்டுப் போனை எடுத்தார். எண்ணைச் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். சொல்லுங்கள் என்றேன். பெயரையும் சொல்லுங்கள் என்றேன்.

டாக்டரம்மா படியில் ஓடி வந்த சத்தம் கேட்டது. பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைச் சோதிச்சுப் பாக்கணும். ஆனா எனக்கு ஸ்டீராய்டுன்னுதான் சந்தேகம். வலியை அமுக்கிடும். கூடவே இந்த அணுக்கள் சுவரைப் பிடிக்கிற பிடியைத் தளர்த்திடும். ஒட்டவேண்டியது ஒட்டாம ரத்தத்துலயே சுத்தும். சாகவேண்டியது சாகாது. இன்னொரு வகை அணு இருக்கு, அது இருக்கவேண்டியது. அது செத்துப்போகும்." என் கையைப் பிடித்துத் திருப்பினார். "இந்தக் காயத்துக்கு வந்து சேரவேண்டிய ஆளுங்க வந்து சேரல. அதான் ஆறல. முகம் வீங்குனது, தூக்கம் போனது எல்லாம் இதால இருக்கலாம்."

"வீக்கமுங்களா? வீட்டுல சதை போட்டுட்டேன்னு சந்தோசமா இருக்காங்க."

நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இதைத் திடீர்னு நிறுத்திடாதீங்க. அது இன்னும் ஆபத்து. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், இந்தப் பொட்டலத்தைக் காட்டி, அவங்க சொல்றபடி குறைங்க. சீட்டு எழுதித் தரேன்." எழுதும்போது தலை நிமிராமல், "என்னை மூணு மாசம் அலைய விட்டுட்டீங்க" என்றார். அப்புறம் இன்னும் தாழ்ந்த குரலில், "நானும் சோப்புன்னு ஈசியா எழுதிக் குடுத்துட்டேன். மறுநாள் உயிரோட இருந்ததைப் பாத்தப்பவே யோசிச்சிருக்கணும். மூணும் ஒரே எண்ணான்னுகூடப் பாக்கல" என்றார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையைப் பார்த்து அதேதான் சொன்னார்கள். எப்படிக் குறைக்க வேண்டும் என்று நாள் வாரியாக எழுதிக் கொடுத்தார்கள். அதை நானே படித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மச்சினன் கேனை இறக்கி வைத்தான். போகாமல் நின்றான். அக்கா சொல்லியிருப்பாள்.

"மாமா, ஒரு சொட்டு ஊத்திப் பாத்துக்குங்க."

"வேண்டாம் மாப்ளே."

"இல்ல, பாத்துக்குங்க. நீங்களே சரியில்லாத ஆளுன்னு இப்பத்தானே தெரிஞ்சுது." மூடியில் அவனே ஒரு சொட்டு விட்டான். காயும்வரை இருவரும் நின்று பார்த்தோம். "கால் வலிச்சா சொல்லுங்க. கீழ்ப்படி வரைக்கும் நான் வரேன்" என்றான். அதில் எத்தனை பங்கு கேலி, எத்தனை பங்கு நிஜம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை.

பதினொரு மணிக்கு ஸ்டோருக்குப் போனேன். டாக்டரம்மாவின் கடிதம் சல்லடையின் மேஜையில் ஏற்கனவே இருந்தது. அதை மூன்றாவது முறையாகப் படிப்பவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"கழுவினதுல தப்பு இல்லைங்கிறாங்க. ரத்தம் குடுத்த ஆள்கிட்ட தப்புன்னு எழுதியிருக்காங்க. யாரு அந்த ஆளு?"

"நாலாம் எண்."

"அது எனக்கும் தெரியுது. ஆளு யாருன்னேன்."

"அதை எழுத்துல எழுதக் கூடாதுங்க. சட்டம்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். என் உருண்டை முகத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல. பிறகு அந்தப் பெரிய பதிவேட்டைத் திறந்து, என் வரியைத் தேடி, கடைசிக் கட்டத்தில் ஒரு சொல் எழுதினார். "நாலாம் எண்ணைப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. இனிமே அந்த எண்ணுக்கு மாசாமாசம் போற தொகையும் கிடையாது. அதையும் அந்த ஆளுகிட்ட சொல்லிடு."

"சொல்லிடுறேன்."

"சரி, போ."

பதிவேட்டை மூடப் போனார். நான் பக்கத்தில் விரலை வைத்தேன். தலைகீழாக இருந்ததால் கொஞ்சம் நேரமாயிற்று. த, ள், ளு, ப, டி. பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதுக்கு நேராக இருந்தது. அதற்கு இடப்பக்கத்துக் கட்டத்தில் அந்த இன்னொரு சொல் அப்படியே கிடந்தது.

"அதையும் அடிச்சிடுங்க."

"எதை? பணம்தான் போயிடுச்சே."

"பணம் போச்சு. கவனக்குறைவு இன்னும் இருக்குது."

சல்லடை பெருமூச்சு விட்டார். அளவுகோலை எடுத்து வைத்து, அந்தச் சொல்லின் மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விரலை எடுத்தேன்.